88780078 என்றால் யாருக்குப் புரியும்?

வினாம்ப் பிளேயரின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அவர்களுக்கு,

பாட்டைச் சொடுக்கியதும் சில சமயம் ஒரு சின்னப் பெட்டி எழும். டைரக்ட்சவுண்ட் டிரைவர் சரியில்லை, ஒழுங்கான டிரைவரைப் போடுங்கள் அல்லது வேறு சாதனத்தைத் தேர்ந்தெடுங்கள், பிழை எண் 88780078. இதைப் படித்தவர் என்ன செய்வார்? டிரைவரைத் தேடி இறக்குவார், பழையதை நீக்குவார், கணினியை அணைத்து அணைத்துப் போடுவார். பெரும்பாலும் டிரைவரில் ஒரு குறையும் இருக்காது. ஒலியை அனுப்ப இப்போது எந்தச் சாதனமும் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த எண் சொல்லும் சேதி. விண்டோஸ் ஆடியோ சர்வீஸ் நின்றுபோயிருக்கும். அல்லது ஹெட்போன் வயர் கழன்றிருக்கும்: ஜாக்கில் எதுவும் செருகாவிட்டால் சாதனமே இல்லை என்று சாதிக்கும் கணினிகள் உண்டு. வயரைச் செருகு என்று சொல்ல வேண்டிய இடத்தில் டிரைவர் மேல் பழி போடுகிறது உங்கள் பெட்டி.

பெட்டியே வராத கோளாறு இன்னொன்று. நேரம் ஓடுகிறது, பட்டைகள் குதிக்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. அந்தப் பட்டைகளைக் காட்டும் விஷுவலைசரை வெறும் அலங்காரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த இடத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்ந்த ஒலியை அது பார்ப்பதில்லை. எம்பி3 கோப்பைப் பிரித்ததும் எடுக்கிற நகல்தான், ஒரு சானலுக்கு 576 மாதிரிகளாக, அதன் கைக்குப் போகிறது. பட்டை ஆடினால் கோப்பு நன்றாயிருக்கிறது, தவறு அதற்கு அப்பால். எச்டிஎம்ஐ கேபிளை மாட்டியதும் விண்டோஸ் ஒலியை ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குத் திருப்பியிருக்கும், அல்லது வால்யூம் மிக்சரில் வினாம்ப் மட்டும் மியூட் ஆகியிருக்கும். நேரமும் பட்டையும் சேர்ந்தே உறைந்தால், ஒலியை வெளியே அனுப்பும் அவுட்புட் பிளக்-இன்னைச் சந்தேகிக்கலாம். அதன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பட்டைகளே நகர்கின்றன. கன்ட்ரோல்+பி அழுத்தி, அவுட்புட் பக்கத்தில் டைரக்ட்சவுண்டை விட்டு வேவ்அவுட்டுக்கு மாறிப் பார்த்தாலே பலருக்குச் சரியாகிவிடும். இவற்றில் பலவற்றை உங்கள் மென்பொருளால் கண்டறிய முடியும். பயனருக்குத்தான் அது சொல்வதில்லை.

விஷுவலைசர்களில் ஒன்றான மில்க்டிராப்பின் கதை வேறு. ரயன் கெய்ஸ் 2001-இல் தந்த அந்த வண்ணச் சுழலின் இரண்டாம் பதிப்பு டைரக்ட்எக்ஸ் 9-ஐ நம்பியிருக்கிறது. விண்டோஸ் 11-இல் 12 இருக்கும்போது 9 எதற்கு என்று யாருக்கும் தோன்றும். 9-இன் துணைக் கோப்புகள் 12-உடன் வருவதில்லை. மில்க்டிராப் ஓட மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். இதையும் உங்கள் திரை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

2024 செப்டம்பரில் வினாம்ப்பின் மூலநிரலை கிட்ஹப்பில் வைத்தீர்கள். திருத்திய பதிப்பை யாரும் வெளியிடக் கூடாது என்று உரிமத்தில் எழுதியிருந்தீர்கள். மறு மாதமே மொத்தத்தையும் எடுத்துவிட்டீர்கள். மில்க்டிராப் 2-இன் நிரல் 2013-இலேயே திறந்த உரிமத்தில் வந்துவிட்டது, அதை எடுத்துத் திருத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவுட்புட் பிளக்-இன்களையாவது அப்படி விடுங்கள். மனமில்லையென்றால் அந்தப் பெட்டியின் வாசகத்தை நீங்களே மாற்றுங்கள்: "ஒலி வெளியேற எந்தச் சாதனமும் இல்லை. வயரையும் விண்டோஸ் ஒலி அமைப்பையும் பாருங்கள்." பக்கத்தில் அந்த அமைப்பைத் திறக்க ஒரு பொத்தான்.

இப்படிக்கு,
இன்னும் வினாம்ப்பில் பாட்டு கேட்கும் ஒருவன்