தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்

சென்ற மாதம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் 35 வெள்ளி கொடுத்து ஒரு ஃபெடோரா தொப்பி வாங்கினேன். சாம்பல் நிறம், கறுப்பு நாடா, உச்சியில் அழகான பள்ளம். "அசல் கம்பளி, அங்கிள்" என்றான் கடைப் பையன். மறுநாள் சுங்கை பாலாஸ் போகிற வழியில் கேமரன் மலைக்கே உரிய மழை பிடித்துக்கொண்டது. பத்தே நிமிடம்தான். விளிம்பு நமத்த அப்பளமாகத் தொங்கிவிட்டது. சாயம் நெற்றியில் வழிந்தது. பையன் எனக்குக் குல்லா போட்டுவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். "ரெண்டு அர்த்தத்துலயும்" என்றாள் மனைவி.

இந்த வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் அப்பா.

நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் தொப்பி என்றால் துரை. நெட்டியில் செய்து துணி போர்த்திய சோலா தொப்பி. விடியற்காலைப் பெரட்டில் பனிக்குள்ளிருந்து முதலில் வருவது அந்தத் தொப்பிதான், ஆள் பிறகுதான் வருவார். அது தெரிந்ததுமே தலையில் கட்டியிருந்த துண்டுகளெல்லாம் அவிழ்ந்து கக்கத்துக்குள் போய்விடும் என்று அப்பா சொல்வார். குளிரில் காது விறைத்தாலும் துரை தாண்டிப் போகும்வரை மறுபடி கட்டக்கூடாது. கங்காணிக்குத் தலைப்பாகை, கிராணிக்குப் படிய வாரிய கிராப்பு, துரைக்குத் தொப்பி. தலையைப் பார்த்தே சம்பளத்தைச் சொல்லிவிடலாம்.

அப்படிப்பட்ட லயத்துக்குள் ஒரு தமிழன் தொப்பியோடு நுழைந்தார். தமிழ்வாணன்!

நேரில் இல்லை, 'கல்கண்டு' பத்திரிகையில். இளைஞர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்கலாம். 1926இல் தேவகோட்டையில் பிறந்தவர், 'கல்கண்டு' ஆசிரியர், மணிமேகலைப் பிரசுரத்தைத் தொடங்கியவர், துப்பறியும் சங்கர்லாலைப் படைத்தவர். 1977இல் காலமானார். அவருடைய அடையாளச் சின்னத்தில் முகமே கிடையாது. ஒரு தொப்பி, அதன் கீழே ஒரு கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதான். பெயரும் ஊரும் எழுதாமல் அந்த இரண்டை மட்டும் உறையில் வரைந்து அனுப்பினாலே தபால்காரர் அவரிடம் சேர்த்துவிடுவார் என்று ஒரு கதை உண்டு. என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் படத்தைக் கண்டால் "தொப்பிக்காரரு வந்துட்டாரா?" என்பாள். தொப்பி வைத்தவரை அவள் பயமில்லாமல் விசாரித்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

சங்கர்லாலுக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இன்னொரு உறவும் இருந்தது. அவருக்குத் தேநீர் உள்ளே இறங்கினால்தான் மூளை ஓடும். கொலை நடந்தாலும் கொள்ளை போனாலும் முதலில் தேநீர் வரவேண்டும். பகலெல்லாம் ஃபேக்டரியில் உருட்டும் இயந்திரத்துக்கு வாடிய கொழுந்தை அள்ளிப் போட்டுவிட்டு, விரல் நுனி கறுத்து வீடு திரும்பும் அப்பா, கதையை எங்களுக்கு வாசித்துக்காட்டும்போது அந்தத் தேநீர் வரி வந்ததும் நிறுத்துவார். "நம்ம தூளுதான்டா குடிக்கிறாரு" என்பார். சென்னையில் இருக்கும் துப்பறிவாளருக்கு எங்கள் தூள் எப்படிப் போகும் என்று நாங்கள் கேட்டதில்லை.

சங்கர்லாலுக்கு ஏற்ற மர்மம் ஒன்று எங்கள் மலையிலேயே நடந்தது. 1967 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் தானா ராத்தாவுக்கு அருகே 'மூன்லைட்' பங்களாவிலிருந்து உலாவப் போனார், திரும்பவே இல்லை. போலீசும் ராணுவமும் ஓராங் அஸ்லி மக்களும் காட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள். இன்றுவரை துப்பில்லை. சங்கர்லாலை அழைத்திருந்தால் மூன்று கோப்பைத் தேநீரில் முடித்திருப்பார் என்பது அப்பாவின் கடைசிவரை மாறாத கருத்து.

நான் வாங்கிய ஃபெடோராவின் பூர்வீகமும் வேடிக்கையானது. 1882இல் பாரிசில் விக்டோரியன் சார்தூ எழுதிய நாடகத்தின் பெயர் 'ஃபெடோரா'. அதில் இளவரசியாக நடித்தவர் சாரா பெர்னார். தொப்பிக்கு அந்த நாடகத்தின் பெயர்தான். முதலில் பெண்கள் மாட்டினார்கள், ஆண்கள் பிறகுதான் பறித்துக்கொண்டார்கள். 1942இல் 'காசாபிளாங்கா'வில் ஹம்ஃப்ரி போகார்ட், 1981இல் இண்டியானா ஜோன்ஸாக ஹாரிசன் ஃபோர்ட் என்று திரையில் அதற்கு நல்ல தலைகள் வாய்த்தன. தமிழில் ஜெய்சங்கர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'வல்லவன் ஒருவன்' 1966, 'சி.ஐ.டி. சங்கர்' 1970. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஓட்டும் படத்தில் யாராவது தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வந்தால், அவர் சி.ஐ.டி.யா கடத்தல்காரரா என்று எங்களுக்குள் பந்தயம் நடக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தையல்காரர் போலிருக்கும். எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பி வேறு ஜாதி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 'கபாலி'யில் ரஜினி கோட்டை வைத்துப் பேசிய அரசியலை எங்கள் ஆட்கள் தொப்பியை வைத்து எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள்.

அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அப்படிப்பட்ட தொப்பி வைத்தார். தானா ராத்தாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில், அவர்களிடம் இருந்த இரவல் தொப்பி. பழக்கமில்லாததால் புருவத்தை மறைக்கிற அளவுக்கு இறக்கிவிட்டிருக்கிறார். படத்தில் முகத்தைவிடத் தொப்பிதான் அதிகம். படம் பிடித்த கையோடு கழற்றி வாங்கிக்கொண்டார்களாம்.

சென்ற மாதம் மழை பிடித்த அன்று, நனைந்த தொப்பியோடு சுங்கை பாலாஸ் தேநீர்க் கடை மேடையில் நின்றேன். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஃபெடோரா மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சரிவில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், துணித் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக்கு ஏற்ற தொப்பி எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 35 வெள்ளி கொடுத்த எனக்குத் தெரியவில்லை.

அப்பா சேர்த்து வைத்திருந்த 'கல்கண்டு' இதழ்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. இந்த மலை ஈரத்தில் காகிதம் நிற்காது. அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பூசணம் பூத்து, பிரித்தால் உதிர்ந்துபோயின. ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய தமிழ்ப் பத்திரிகை இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே இறக்கி வெயிலில் காய வையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போட நினைத்தால், அதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.