காஞ்சிப் பட்டுக்கு ஒரு பொது விலாசம்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் தறியில் உட்காரும் நெசவாளிக்கு, சேலை எந்தப் பெயரில் விலைபோகிறது என்பது வயிற்றுப் பிரச்னை. கரைக்குத் தனி நாடா ஓட்டி, உடலோடு கோர்வையாக இணைத்து ஒரு சேலையை முடிக்கப் பல நாள் பிடிக்கிறது. விசைத்தறியில் மளமளவென்று இறங்கும் சரக்கும் "காஞ்சிப் பட்டு" என்ற அதே பெயரில் இன்டர்நெட்டில் விலைக்கு வருகிறது. அங்கே துணியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. கடையின் விலாசம் ஒன்றே வாங்குகிறவருக்குச் சாட்சி.

அந்த விலாசத்தின் முடிவு இப்போது மாறி வருகிறது. 'காம்', 'இன்' என்று முடிவதற்குப் பதிலாக, ஒரு கம்பெனியின் சொந்தப் பெயரிலேயே முடியலாம். பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் ஸ்தாபனம் 2012-ல் விண்ணப்பம் கோரியபோது 1,930 மனுக்கள் குவிந்தன. டாட்டா மோட்டார்ஸும் ஸ்டேட் பாங்கும் இவ்வாறு தத்தம் பெயரைப் பெற்றன.

இதில் நன்மை உண்டு. அந்த முடிவின் கீழ் அந்நியர் எவரும் கடை போட முடியாது. பிரௌசரின் விலாசப் பட்டையில், தளத்தின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் சொல்லைப் பார்த்தாலே உரிமையாளர் யாரென்று தெரிந்துவிடும்.

பணமுள்ளவருக்கா?

ஆனால் 2012-ல் மனுக் கட்டணம் 1,85,000 டாலர். 2026-ம் ஆண்டுச் சுற்றுக்கு 2,27,000 டாலர். ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய்! எந்த நெசவாளர் சங்கம் இதைக் கட்டும்? பெரிய கடைகள் தனிப் பெயரோடு மின்னும். தறிக்காரர் கூட்டத்தில் மறைந்து போவார்.

இதற்கு மாற்று வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாங்குகளும் 'பாங்க்.இன்' என்ற பொது முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் பாங்க் உத்தரவிட்டது. சொந்த முடிவு வைத்திருந்த ஸ்டேட் பாங்கும் அங்கே வந்து சேர்ந்தது. பொதுமக்கள் ஒரே அடையாளத்தை ஞாபகம் வைத்தால் போதும்.

சர்க்கார் செய்யவேண்டியது

பட்டுக்கும் இதைச் செய்யலாம். காஞ்சிபுரம் பட்டு 2005-ம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சட்டப்படி, பெயரை உபயோகிக்க உரிமையுள்ளவர்களின் பதிவேடும் உண்டு. அதில் உள்ளவர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மட்டும் கைத்தறிக்கென ஒரு பொது முடிவைக் குறைந்த கட்டணத்தில் தர வேண்டும். தமிழ் எழுத்திலேயே 'இந்தியா' என்ற முடிவு ஏற்கெனவே இருப்பதால், அதைத் தமிழிலும் வழங்கலாம்.

ஊர்ப் பெயரைக் காக்கவும் விழிப்பு வேண்டும். மொராக்கோவில் 'டாட்டா' என்ற மாகாணம் இருப்பதால், டாட்டா நிறுவனத்தின் மனுவுக்கே அந்நாட்டின் ஆட்சேபமின்மை தேவைப்பட்டது. காஞ்சியின் பெயருக்கும் அத்தகைய காவலர் தேவை.

விலாசம் மாறினால் மட்டும் போலி ஒழிந்துவிடாது. தேடியதும் முதலில் தெரிவதைத் தொட்டுவிடும் வழக்கத்தை வாங்குகிறவர்களும் விட வேண்டும். சேலையின் முந்தானையைப் பிரித்துப் பார்க்கும் கண், விலாசத்தின் முடிவையும் ஒருமுறை பார்க்கட்டும்.