பூனைக்குப் பாற்சோறு போதுமா?

வீட்டிற்குப் புதிதாகப் பூனையொன்று வந்துவிட்டால் பிள்ளைகள் முதலிலே தேடுவது பாற்கிண்ணத்தைத்தான். பாலர் பாடப் படங்கள் அப்படிப் பழக்கிவிட்டன! தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றிற்குப் பசுப்பால் செரியாது, வயிறு கழியும். சுத்தமான தண்ணீரே நன்று.

பூனை புலியின் இனம், புலாலுண்ணி. பாற்சோற்றினால் அதன் உடல் தேறாது. அதற்கு இன்றியமையாத ‘டோரின்’ என்னுஞ் சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, சோற்றில் இல்லை. அது குறைந்தாற் கண் கெடும் என்பது 1975இலும், இருதயம் தளரும் என்பது 1987இலும் ஆராய்ச்சியாற் புலனாயின. சூடை மீனை உப்பின்றி அவித்து, முள் நீக்கிக் கொடுக்கலாம். வெங்காயம் சேர்க்கவே வேண்டாம். பூனைக்கு அது நஞ்சு. அவித்த நீரை ஊற்றிவிடாதீர்கள். டோரின் அதிற் கரைந்திருக்கும். மீன் மட்டுமே நாள்தோறும் போதாது. கோழியிறைச்சியும் ஈரலிற் சிறிதும் இடையிடையே வேண்டும்.

வந்த அன்றே உணவை மாற்றுதல் ஆகாது. முன்பு எதைத் தின்றதென்று கேட்டறிந்து, அதனோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, 7 முதல் 10 நாட்களில் மாற்றுங்கள். அச்சத்தால் முதல்நாள் சரியாக உண்ணாதிருக்கலாம். ஆனால் வளர்ந்த பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குட்டியாயின் ஒருநாளும் பொறுக்காது, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.