தோட்டத்துக் காற்றை அளப்பது யார்?

புகைமூட்டம் வரும்போதெல்லாம் தொலைக்காட்சியில் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். ஐ.பி.யு. எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. 50 வரை நல்லது. 100 வரை மிதமானது. 100-ஐத் தாண்டினால் உடல்நலத்துக்குக் கேடு, 200-ஐத் தாண்டினால் மிகவும் கேடு, 300-க்கு மேல் ஆபத்து. பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புவதா, பள்ளியையே மூடுவதா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

அந்த எண்ணை எங்கே வைத்து அளக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நெகிரி செம்பிலானில் சுற்றுச்சூழல் துறை ஐ.பி.யு. அறிவிப்பது சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் ஆகிய மூன்று இடங்களுக்கு. மூன்றும் மேற்குப் பக்கத்துப் பட்டணங்கள். பகாவ் பக்கம் தோட்டத்தில் இருக்கும் ஒரு குடும்பம் தன் காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், புக்கிட் புத்துஸ் மலைக்கு அந்தப் பக்கம் சிரம்பானில் அளந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். சுமத்ராவிலிருந்து வரும் புகை மாநிலம் முழுவதும் பரவும். அதற்கு அந்த எண் ஓரளவு பொருந்தும். ஆனால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையின் புகைபோக்கியும், செம்மண் சாலையில் லோரி கிளப்பும் தூசியும், மறுநடவின்போது எவராவது வைக்கும் தீயும் சிரம்பான் கருவிக்கு எப்படித் தெரியும்?

எப்படி அளக்கிறார்கள்?

இது படித்தவர்களுக்கு மட்டும் புரியும் வித்தை அல்ல. பழைய முறை தராசு முறை. ஒரு வடிதாளை நிறுத்து, இயந்திரத்தில் பொருத்தி, 24 மணி நேரம் அதன் வழியே காற்றை இழுக்கிறார்கள். பிறகு மறுபடியும் நிறுக்கிறார்கள். கூடிய எடைதான் தூசி. அதை இழுத்த காற்றின் அளவால் வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்று தெரிந்துவிடும். தானியங்கிக் கருவிகளில், தூசி படிந்த நாடாவின் வழியே பீட்டா கதிர் எவ்வளவு குறைந்து வருகிறது என்று பார்த்து மணிக்கு மணி கணக்கிடும் வகை உண்டு.

மிக ஆபத்தானது பி.எம். 2.5 என்னும் நுண்தூசி. தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்காது. நுரையீரலின் அடிவரை போகும். நம் நாட்டுக் குறியீட்டுக் கணக்கில் இது சேர்ந்ததே 2018-ல்தான்.

சராசரிக்குள் மறையும் புகை

தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். இரவில் இரண்டு மணி நேரம் லயத்தில் நுண்தூசி 200 மைக்ரோகிராம். மீதி 22 மணி நேரம் 15. சராசரி 30 சொச்சம்தான். மலேசியாவின் ஒரு நாள் வரம்பு 35. ஆக, தாளில் எல்லாம் சரி! அந்த இரண்டு மணி நேரம் இளைப்பு வந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த தாய்க்கு என்ன பதில்? உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் அறிவித்த ஒரு நாள் வரம்போ 15 மட்டுமே.

இன்னொன்று. ஐ.பி.யு. ஆறு பொருள்களைத்தான் பார்க்கிறது: இருவகைத் தூசி, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. மருந்து அடிக்கும்போது காற்றில் கலக்கும் பூச்சிக்கொல்லி அதில் இல்லை. 2020 வரை பாராகுவாட்டை முதுகில் சுமந்து அடித்த நம் பெண்கள் சுவாசித்தது எந்த எண்ணிலும் ஏறியதில்லை. 2019-ல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டனவே, அந்த நச்சு வாயுக்களைக் காட்டவும் இந்தக் குறியீடு போதாது.

எண் நமக்குச் சும்மா கிடைத்ததும் அல்ல. 2005 ஆகஸ்டு வரை பல ஆண்டுகள் ஐ.பி.யு. எண்களை அரசாங்கம் மக்களுக்குச் சொல்லவில்லை. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்க வேண்டிய நிலை வந்தபோதுதான் கதவு திறந்தது.

கடலூர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள் 2004-ல் ஒரு காரியம் செய்தார்கள். எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்று, என்ன நாற்றம், யாருக்குக் கண் எரிந்தது என்று நோட்டில் எழுதினார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் தனிவகைப் பையைப் பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் அதில் இருந்தது தெரியவந்தது. அதுவரை "நாற்றம்தானே" என்று ஒதுக்கப்பட்ட புகார், அதன் பிறகு சான்றாயிற்று.

அவர்கள் நம்மைப் போன்ற உழைக்கும் மக்கள்தாம். நம்மாலும் முடியும்.

முதலில் ஒவ்வொரு லயத்திலும் ஒரு நோட்டு. பிள்ளைகளே எழுதலாம். புகைபோக்கியைத் தேதியும் நேரமும் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். கிளினிக்குக்குப் போனால் அந்தத் தேதியையும் குறியுங்கள். சில குடும்பங்கள் பணம் போட்டால் லேசர் ஒளியால் தூசி எண்ணும் சிறிய கருவி வாங்கலாம். ஆனால் ஈரக் காற்றிலும் விடிகாலைப் பனியிலும் அது கூடுதலாகக் காட்டும். அதனால் சில நாள் அரசாங்க நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "உங்கள் கருவி பொய்" என்ற ஒரே வார்த்தையில் நம் வாயை அடைத்துவிடுவார்கள்.

கையில் நோட்டு இருந்தால் மூன்று கேள்விகளோடு சுற்றுச்சூழல் துறைக்கும் நம் சட்டமன்ற உறுப்பினருக்கும் போகலாம். மலைக்கு இந்தப் பக்கம் ஏன் ஒரு நிலையம் இல்லை? நிலையம் வரும்வரை நடமாடும் கருவியை லயத்துக்குப் பக்கத்தில் ஏன் வைக்கக்கூடாது? ஆலைப் புகைபோக்கியின் அளவீடுகளை அங்கேயே குடியிருப்பவர்களுக்கு ஏன் காட்டக்கூடாது?

வீடு கேட்டோம், நிலம் கேட்டோம், பள்ளி கேட்டோம். மூச்சு விடும் காற்றின் கணக்கைக் கேட்பதும் அதே உரிமைதான். இன்று இரவு புகை வந்தால், கதவை அடைக்குமுன் நேரத்தைக் குறித்து வையுங்கள்.