தென்காசிக்கும் ஓர் அணியா?

2019-ல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. நெல்லைக்கு இருப்பது போல் நமக்கும் தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஓர் அணி வேண்டாமா?

தூத்துக்குடியைப் பாருங்கள், தோழர்களே! 2016-ல், முதல் தொடரிலேயே கோப்பையை வென்றது தூத்துக்குடி அணி. 2021-ல் அதனிடத்தில் ஆடியது சேலம் அணி! ஊராரைக் கேட்டா மாற்றினார்கள்? அணி முதலாளியின் சொத்து. ஊர்ப் பெயர் வெறும் விளம்பரப் பலகை.

குற்றாலத்தில் கூட்டமில்லையா என்பார்கள். அது சாரலில் வந்து, அருவியில் குளித்துவிட்டு ஊர் திரும்பும் கூட்டம். ஆண்டு முழுவதும் இங்கிருப்பவர்கள் பீடி சுற்றுவோரும் வயலில் உழைப்போரும்தான். கூலியை டிக்கெட்டுக்குக் கொடுத்தால் அடுப்பு எரியுமா?

நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள்: அறுவடை முடிந்த வயலில், கட்டாந்தரையில், கபடி. அணி கிடக்கட்டும். ஊராட்சிக்கு ஒரு திடல், இரவில் விளக்கு, சம்பளத்துடன் ஒரு பயிற்சியாளர். இதைத்தான் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கிறோம்.