எம்.எஸ். முடிச்சாச்சு, பிஎச்டி போட்டு வைக்கலாமா?

இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங்கில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வந்த நம்ம மக்கள் நடுவில், கடைசி செமஸ்டரில் ஜலதோஷம் மாதிரி ஒரு வாக்கியம் பரவும். "வேலை ஒண்ணும் சரியா அமையல மச்சி, பேசாம பிஎச்டி போட்டு வைக்கலாம்னு இருக்கேன்."

அந்த 'போட்டு வைக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி, ஐந்து வருட வாழ்க்கைக்குத் துண்டு போடுகிறார்கள். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று யாரும் போர்டைப் பார்ப்பதில்லை.

எதிர்க்கட்சி ஒன்றும் இருக்கிறது. அவர்கள் வாதம்: "ஐ.ஈ.ல ஆராய்ச்சி பண்ண என்னடா இருக்கு? அது இமேஜினரி எஞ்சினியரிங். எம்.எஸ்.சே அதிகம்." மெக்கானிக்கல் பையன்கள் ஆரம்பித்து வைத்த இந்த ஜோக்கை இப்போது ஐ.ஈ. பையன்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இரண்டு கட்சியும் தப்பு என்பதுதான் என் கட்சி. ரெண்டாவது கட்சியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம்.

லில்லியன் கில்பிரெத் என்று ஒரு அம்மா. 'மோஷன் ஸ்டடி' பாடத்தில் பெயர் பார்த்திருப்பீர்கள். பெர்க்லியில் ஆய்வேடு எழுதி முடித்தபின், வளாகத்தில் தங்கிப் படிக்கவேண்டிய காலம் போதவில்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது. அதே ஆய்வேடு 1914-ல் புத்தகமாக வந்தது. விடாமல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு ஆய்வேடு எழுதி 1915-ல் டாக்டர் பட்டம் வாங்கினார், அதுவும் கைக்குழந்தைகளோடு. 1924-ல் கணவர் இறந்ததும், 'பெண்ணிடம் என்ன ஆலோசனை கேட்பது' என்று தொழிற்சாலைகள் சில விலகிப்போக, அம்மா சமையலறைக்குள் புகுந்தார். சமைக்க அல்ல, ஆராய! சமையல் மேடை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும், ஒரு வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். 1935-ல் பர்டூவில் பேராசிரியர். வேலையில் மனுஷன் இருக்கிறான் என்று நம் துறைக்கு ஞாபகப்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர்.

ஆல்வின் ராத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் வாங்கிய பிஎச்டி ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில். மனைவிக்குச் சிறுநீரகம் தரக் கணவர் தயார், ஆனால் ரத்த வகை சேரவில்லை. இன்னொரு ஊரில் இதே மாதிரி இன்னொரு ஜோடி. இந்த ஜோடிகளை எப்படிக் கோத்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள்? இந்தக் கேள்வியை மாதிரியாக்கித் தீர்த்தவர்களில் அவர் ஒருவர். 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் வந்தது. இது இமேஜினரி என்றால் எனக்கும் ஒரு கிலோ இமேஜினரி கொடுங்கள் :)

ஆக, துறையில் சரக்கு இல்லை என்பவர்கள் உட்காரலாம். இனி முதல் கட்சி. இவர்களோடுதான் எனக்கு உண்மையான சண்டை. காரணம் இவர்கள் என் நண்பர்கள், பலருடைய அப்பாவின் வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருக்கிறது.

முதலில் காசு. நாற்பது லட்சம் கல்விக்கடன், 11 சதவீத வட்டி என்று வையுங்கள். வருடத்துக்கு வட்டி மட்டும் 4.4 லட்சம். ஐந்து வருடம் தொடாமல் வைத்தால், வட்டிக்கு வட்டி போடாமலே 22 லட்சம். இன்னொரு பக்கம், எம்.எஸ்.ஸோடு வேலைக்குப் போனால் 80,000 டாலர், அசிஸ்டன்ட்ஷிப்பில் 30,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், வித்தியாசம் வருடத்துக்கு 50,000. ஐந்து வருடத்தில் இரண்டரை லட்சம் டாலர். 'எஞ்சினியரிங் எகானமி' என்று ஒரு பாடத்தில் ஏ வாங்கினோமே, அதில் ஒரு ட்ரில்லிங் மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று நாலு பக்கம் கணக்குப் போட்டோமே, அந்தக் கணக்கை நமக்கே ஒரு தடவை போட்டுப் பார்த்தால் என்ன? மெஷினுக்குக் காட்டும் மரியாதையை நம் ஐந்து வருடத்துக்குக் காட்டக்கூடாதா?

"பணம் முக்கியமில்ல, நான் ப்ரொஃபசர் ஆகப்போறேன்" என்பவர்களுக்கு அடுத்த கணக்கு. எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் லார்சன் என்று ஒரு பேராசிரியர், வரிசைக் கோட்பாட்டில் பெரிய கை. அவரும் இரண்டு பேரும் சேர்ந்து 2014-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார் என்று கணக்குப் போடுவார்கள் இல்லையா (கொரோனா காலத்தில் டிவியில் தினமும் கேட்டோமே, அதேதான்), அதைப் பேராசிரியர்களுக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ஒரு எஞ்சினியரிங் பேராசிரியர் தன் வாழ்நாளில் சராசரியாக 7.8 பிஎச்டிகளை உருவாக்குகிறார். அவர் ரிட்டையர் ஆகும்போது காலியாவது ஒரு நாற்காலி. எண்ணிக்கை கூடாமல் நிலையாக இருந்தால் 100-க்கு 12.8 பேருக்குத்தான் பேராசிரியர் நாற்காலி. மீதி 87 பேரும் முட்டாள்கள் இல்லை. நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

மீதிப்பேர் வீணாய்ப் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அமேசான், விமான கம்பெனிகள், கூரியர் கம்பெனிகள் எல்லாம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பிஎச்டிகளைத் தேடி எடுக்கிறார்கள். ஆனால் ப்ராசஸ் எஞ்சினியர், சப்ளை செயின் அனலிஸ்ட், குவாலிட்டி எஞ்சினியர் வேலைக்கு பிஎச்டி தேவையில்லை. எந்த வேலை உங்களுக்கு வேண்டும் என்று தெரியாமல் உள்ளே போனால், ஐந்து வருடம் கழித்து எம்.எஸ். காரன் செய்யும் வேலைக்கே போய் நின்று "நீங்க ஓவர் குவாலிஃபைடு" என்று கேட்டுக்கொண்டு வரவேண்டியதுதான்.

மூன்றாவது, எல்லோரும் மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாத காரணம். விசா. "பிஎச்டில சேர்ந்துட்டா அஞ்சு வருஷம் ஸ்டேட்டஸ் கவலை இல்ல." சரி, விதிகளின் சரித்திரத்தைப் பாருங்கள். படிப்பு முடித்தபின் வேலை பழகத் தரும் ஓபிடி 12 மாதம்தான் இருந்தது. 2008-ல் நம் மாதிரித் துறைகளுக்கு 17 மாதம் கூட்டினார்கள். 2016-ல் அதை 24 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி, புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்து, ஊருக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் அலறியடித்து டிக்கெட் தேடினார்கள். பதினேழு வருடத்தில் இத்தனை குட்டிக்கரணம் போட்ட ஒரு விஷயத்தை நம்பியா ஐந்து வருடத் திட்டம் போடுவது? மழைக்கு ஒதுங்குவதற்கு ஒரு வீட்டுத் திண்ணை போதும். அந்த வீட்டுப் பெண்ணையே கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இங்கே துறைகளையும் பேராசிரியர்களையும் சும்மா விடக்கூடாது. நாம் படித்த லிட்டில் விதியை எடுங்கள். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வந்து சேரும் வேகத்தை, ஒருவர் உள்ளே இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. 1961-ல் இதை நிரூபித்த ஜான் லிட்டிலே ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் முதல் பிஎச்டி வாங்கியவர் என்று சொல்லப்படுபவர், 1955-ல், எம்.ஐ.டி.யில்.

இப்போது ஒரு லேபைப் பாருங்கள். பேராசிரியரிடம் ஐந்து பேருக்குக் காசு இருக்கிறது, எப்போதும் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் நாலு வருடத்தில் முடித்தால் வருடத்துக்கு 1.25 ஆள் புதிதாக எடுத்துப் பழக்கவேண்டும். ஆறு வருடம் ஆக்கினால் 0.83 ஆள் போதும். லேபில் எப்போதும் ஐந்து பேர்தான், அவருக்கு ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் நன்றாகப் பழகிய ஐந்தாம் வருட மாணவனைவிட மலிவான நிபுணன் உலகத்தில் கிடையாது. எண்ணிக்கை அவர் கவலை, காலம் உங்கள் கவலை. நல்ல பேராசிரியர்கள் நிறையப் பேர் இதையும் மீறி மாணவனைச் சீக்கிரம் அனுப்பத்தான் பார்க்கிறார்கள். ஆனால் சிஸ்டம் அவர்களை அந்தப் பக்கம் தள்ளவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நல்ல மனசை நம்பி சிஸ்டம் டிசைன் பண்ணக்கூடாது என்று சொல்லித் தந்ததே இவர்கள்தான்!

என் கோரிக்கை ஒன்றுதான். அட்மிஷன் கடிதத்தோடு ஒரே ஒரு பக்கம் இணைக்கட்டும். கடந்த பத்து வருடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள், முடித்தவர்களுக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள். ஒரு தொழிற்சாலை இந்த நாலு எண்ணையும் தராவிட்டால் நாம் அதை ஆடிட்டில் கிழித்துவிடுவோம். அடுத்தவன் வீணாக்கும் நேரத்தை அளக்கக் கற்றுத்தரும் துறை, தன் வாசலில் நிற்கும் வரிசையை அளந்து காட்டாமல் இருப்பது வெட்கக்கேடு.

அப்போ யார்தான் போவது? போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

எம்.எஸ்.ஸுக்கும் பிஎச்டிக்கும் இடையே உள்ள தூரம் அதிகப் பாடம் படிப்பதில் இல்லை. எம்.எஸ்.ஸில் எக்செல் சால்வரில் பட்டனை அழுத்தினோம், விடை வந்தது, சந்தோஷம். 1947-ல் டான்ட்சிக் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் முறை அது. 1972-ல் க்ளீ, மிண்டி என்று இரண்டு பேர், இந்த முறையைத் திணறடிக்கும் ஒரு கணக்கை வேண்டுமென்றே கட்டிக்காட்டினார்கள். 1984-ல் பெல் லேப்ஸில் இருந்த நம்மூர் நரேந்திர கார்மார்க்கர் வேறு வழியில் உள்ளே புகுந்து போனார். நடைமுறையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்து "ஏன் ஓடுது? எப்போ நிக்கும்?" என்று கேட்காமல் இருக்க முடியாதவர்கள் இவர்கள். அந்த அரிப்பு உங்களுக்கு இருக்கிறதா? விடை வந்தபிறகும் தூக்கம் வரவில்லையா? அப்படியானால் போங்கள். குவாலிஃபையரில் ப்ராபபிலிட்டி நிரூபணங்கள் முதுகெலும்பை ஒடிக்கும், ஆனாலும் தாங்குவீர்கள்.

இல்லை, கேள்வி வேறு இடத்திலிருந்து வரலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை, ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயார், முடிந்ததும் அப்படியே திரும்பிக்கொள்வார். மெக்டொனால்ட்ஸ் நடைமுறையைப் பார்த்து யோசித்தவர் அவர். ஐ.ஈ. பட்டம் இல்லாமல் ஒரு கண் டாக்டர் இதைச் செய்தார் என்றால், பட்டத்தோடு இருக்கும் நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசை, ரேஷன் கடை லாரி, அறுவடை நேரத்தில் கொள்முதல் நிலையத்தில் நனையும் நெல் மூட்டை. இதில் ஏதாவது ஒன்று உங்களைத் தொந்தரவு செய்தால், அதற்கு இன்றைக்கு இருக்கும் கணிதம் போதவில்லை என்றும் தெரிந்தால், அதுதான் பிஎச்டி. எந்த நாட்டில் என்பது ரெண்டாம்பட்சம்.

முடிவு எடுக்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். தீசிஸ் ஆப்ஷன் இருந்தால் எடுத்து, ஆறு மாதம் ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள். அட்வைசர் ஆகப்போகிறவரின் பழைய மாணவர்களிடம் பேசுங்கள், முக்கியமாகப் பாதியில் போனவர்களிடம். கடைசியாக, உங்கள் கேள்வியை ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் ஐந்து நிமிடம் சொல்லிப்பாருங்கள். "அது சரிப்பா, அதனால யாருக்கு என்ன ஆகும்?" என்று அவர் கேட்பார். அதற்கு உங்களிடம் ஒரு பதில் இருக்கவேண்டும்.

இருந்தால், வேலை கிடைத்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் இன்னும் இருபது கம்பெனிக்கு ரெஸ்யூமே அனுப்புங்கள். அதில் ஒரு அவமானமும் இல்லை.