இல்லத்து அலுவலகமும் இரண்டாம் திரையும்

நக்கிள்ஸ் மலைச்சாரலில், தேயிலையும் மிளகும் செழிக்கும் எமது இரத்தோட்டையிற் கற்றுத் தேறிய இளைஞர், உத்தியோகம் நாடிக் கொழும்புக்குச் செல்லுதல் நெடுநாள் வழக்கம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயினால் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, அலுவலகப் பணிகள் பலவற்றை இல்லத்திலிருந்தே ஆற்றலாம் என்பது புலனாயிற்று. கணக்கியல், மொழிபெயர்ப்பு, மென்பொருளாக்கம் முதலியவற்றை அவ்வாறு செய்வோர் இன்றும் உளர். பிறந்த ஊரையும் பெற்றோரையும் பிரியாது பிழைக்க வழிசெய்யும் இத்தொழில்களுக்குரிய கருவியைப் பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

மடிக்கணினிக்கு வெளித்திரை பூட்டுதல் ஆடம்பரமென்பார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. மூலத்தை ஒருகால் திறந்து, மொழிபெயர்ப்பை மறுகால் திறந்து, சிறு திரையில் அல்லற்படுவோர், பேரேட்டையும் பற்றுச்சீட்டுக் கட்டையும் ஒரு சாண் பலகையில் வைத்தெழுதும் கணக்கப்பிள்ளையை ஒப்பர். இரண்டு திரையிருப்பின் ஒன்றிற் பார்த்து மற்றொன்றில் எழுதலாம். ஆயினும் மூன்றாவது திரை பெரும்பாலார்க்கு அலங்காரமேயாம்.

நிற்க. பணத்தினும் முன்னர் வேண்டப்படுவது அறிவு. வடம் செருகும் துறைகள் வடிவில் ஒத்திருப்பினும் ஆற்றலில் ஒத்திரா. எச்.டி.எம்.ஐ. துறை ஒன்று ஒரு திரைக்கே படம் தரும். யூ.எஸ்.பி.-சி துறைகளுட் சில, மின்னேற்றத்திற்கும் தரவுக்கும் மட்டுமே உதவும். வேறு சில படத்தையும் கொண்டுசெல்லும். தண்டர்போல்ட் வகையின எனின் ஐயமில்லை. ஏனையவற்றுக்கு, உற்பத்தியாளர் அந்த மாதிரிக்கு வெளியிட்டுள்ள விவரத்தைப் பார்த்தே தெளிதல் வேண்டும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எச்.டி.எம்.ஐ. பிரிப்பான், ஒரே படத்தை இரு திரையிலும் காட்டுமேயன்றி வெவ்வேறு படம் தராது. முதற் சம்பளத்தில் அதனை வாங்கி ஏமாறுதல் எளிது. டிஸ்பிளேபோர்ட் முறையிற் பல படங்களை ஒரு வடத்தில் அனுப்பும் டொக் என்னும் இணைப்புப் பெட்டி, அதற்கு இசைந்த விண்டோஸ் கணினியில் இரு திரைகளையும் தனித்தனியே இயக்கும். ஆப்பிள் கணினியிலோ அதே பெட்டி இரண்டிலும் ஒரே படத்தையே காட்டும். 2020 இல் வந்த எம்1 ரக மேக்புக் எயார் வெளித்திரை ஒன்றையே தாங்கும். 2025 இல் வந்த எம்4 ரகம் இரண்டைத் தாங்கும். பழைய ரகத்தை உடையோர், தனி மென்பொருளுடன் இயங்கும் டிஸ்பிளேலிங்க் பெட்டியை நாடலாம். விண்டோஸில் இணைத்தபின், விண்டோஸ் விசையையும் பி விசையையும் ஒருங்கே அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவைக் கொள்க.

புதிய திரையே வேண்டுமென்பதுமில்லை. பழைய மேசைக்கணினியின் திரை வீட்டு மூலையிற் கிடப்பின், ஏற்ற மாற்றி ஒன்றால் அதனையே இணைக்கலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் கண்டோம். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, வெளித்திரைக்கு இல்லை. ஆதலின் யூ.பி.எஸ். ஒன்று துணையாதல் நன்று. இடியும் மின்னலும் மிக்க பொழுதில் வடங்களைக் கழற்றிவிடுதல் அதனினும் நன்று.

இத்தனையும் உரைத்தபின், லயத்து அறையில் மேசையொன்று இடவே இடமில்லாத பிள்ளைக்கு நாம் கூறும் விடை யாது? அப்பிள்ளைக்கு வீட்டு அலுவலகம் என்பது வெறும் சொல்லாகவே நிற்கும். எனவே, கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் மேசையொன்றும் மடிக்கணினியொன்றும் இரு திரைகளும் அமைத்து, மாணவரும் அண்மையில் வெளியேறிய இளைஞரும் மாலை வேளைகளிற் பயில வழிசெய்தல் வேண்டும். ஆய்வுகூடத்துக்கும் விளையாட்டுக்கும் குறைகள் பல இருக்க இது எதற்கு என வினவுவோர்க்கு, புதுச்செலவு பெரிதும் வேண்டா, பழைய மாணவர் இல்லங்களிற் பயனற்றுக் கிடக்கும் திரைகளே போதும் என்போம்.

கட்டடங்களையும் நினைவுக் கற்களையும் ஜூபிலியின் அடையாளமாக நிறுவுதல் முறையே. அவற்றோடு, ஊரிலிருந்தே உழைத்து உயர விரும்பும் ஒரு பிள்ளைக்கு ஒரு மேசையும் இரு திரையும் ஈதலையும் பழைய மாணவர் தம் கடனாகக் கொள்வாராக.